காலேஜு மூக்கு

1

இந்த வருஷமும் அந்தப் படிவம் வந்துவிட்டது. வைகாசி பிறந்த சில நாட்களில், நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் உடல்நலப் பிரிவிலிருந்து தவறாமல் வரும். இருமல் உண்டா, தலைவலி உண்டா, தூக்கம் எப்படி, செய்யும் வேலை பிடித்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பார்கள். வேலை பிடித்திருக்கிறதா என்று ஊரில் எந்த முதலாளியும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் நிரப்பிவிடுவேன். பதினேழாவது கேள்விக்கு வந்ததும் கை நின்றுவிடும்.

இந்த வேலையில் சேர்வதற்கு முன்பு எப்போதாவது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை சுவாசிக்க நேர்ந்ததுண்டா? ஆம், இல்லை, தெரியாது. மூன்று கட்டங்கள், ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும்.

சேர்ந்த முதல் வருஷம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ‘தெரியாது’ என்பதில் குறி போட்டேன். உடனே கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்த நர்ஸ் அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு அப்போது டச்சு மொழி அரைகுறை. அந்தக் கதையை இந்த மொழியில் எங்கே ஆரம்பிப்பது என்று விளங்காமல், தவறாகக் குறி போட்டுவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வருஷத்திலிருந்து ‘இல்லை’. பத்து வருஷமாக ‘இல்லை’.

படிவம் வரும் அதே வாரத்தில்தான் எங்கள் பாவாவின் திதியும் வரும்.

2

நான் அருப்புக்கோட்டைக்காரன். நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். அக்கா புருஷனை நாங்கள் பாவா என்போம். இப்போது நெதர்லாந்தின் வட பக்கத்தில் ஒரு ஊரில், மனைவியோடும் பதிமூன்று வயது மகள் மீனாவோடும் இருக்கிறேன். ஹைட்ரஜன் சேர்மங்கள் உடம்புக்கு என்ன கெடுதல் செய்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. அதிலும் குறிப்பாக இந்த ஹைட்ரஜன் சல்பைடு.

ஊருக்கு வரும்போது, என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் திணறுவேன். தண்ணீரும் ஹைட்ரஜன் சேர்மம்தான், அது இல்லாமல்தான் திருச்சுழிப் பக்கம் பூமி வெடித்துக் கிடக்கிறது. நூலை வெளுக்கப் போடும் பெராக்சைடும் அதே ஜாதிதான், அது கையில் பட்டால் விரல் நுனி வெள்ளையாகி எரியும். சாக்கடையிலும் சாணிக்குழியிலும் ஊறுகிற இந்த வாயுவும் அதே ஜாதி, இது ஆளையே சாய்த்துவிடும். இப்படியெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கேட்டவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார்.

எனக்கே இன்னும் குழப்பம் தீரவில்லை. எங்கள் ஆய்வகத்து மாடியில் நடைபாதைக்கு இடப்பக்கம் இருக்கும் அறைகளில் நாங்கள் இந்த வாயு மூளையை, நுரையீரலை, நரம்பை எப்படிக் கெடுக்கிறது என்று பார்க்கிறோம். வலப்பக்கத்து அறைகளில் இருப்பவர்களோ, நம் உடம்பே இதைத் துளித்துளியாகத் தயாரிக்கிறது, ரத்தக் குழாயைத் தளர்த்த இது வேண்டியிருக்கிறது, இதை மருந்தாக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பக்கத்தாரும் ஒரே மேஜையில்தான் உட்காருவோம். அவர்கள் சொல்வதும் சரி, நாங்கள் சொல்வதும் சரி. எதிராளி தப்பு என்று சண்டை போட முடிந்தால்கூட நிம்மதியாக இருக்கும்.

இங்கே மாட்டுப் பண்ணைகள் அதிகம். கொட்டகைக்கு அடியில் சாணத்தையும் மூத்திரத்தையும் பெரிய குழிகளில் தேக்கி வைத்து, வசந்த காலத்தில் கலக்கி வயலுக்கு அடிப்பார்கள். கலக்கும்போது இந்த வாயு கிளம்பும். விவசாயிகளுக்கு எச்சரிக்கை வகுப்பு எடுக்க எங்களை அனுப்புவார்கள். நான் அவர்களிடம் சொல்லும் முக்கியமான விஷயம் ஒன்றுதான். வாடை அடிக்கும்வரை பயப்படுங்கள். வாடை நின்றுவிட்டால் இன்னும் அதிகமாகப் பயப்படுங்கள். வாயு கூடும்போது முதலில் செத்துப்போவது மூக்கு.

மீனா ஒரு முறை வகுப்புக்கு வந்திருந்தாள். திரும்பி வரும்போது காரில் என்னைக் கேலி செய்தாள். நான் டச்சிலும் எல்லாரையும் ‘நீங்கள்’ போட்டே பேசுகிறேனாம், பண்ணையில் நின்ற நாயைக்கூட. ஊரில் ‘அவுக, இவுக’ என்று வளர்ந்த வாய், சட்டென்று ‘நீ’ என்று ஒருமைக்கு இறங்க மாட்டேன் என்கிறது. அதற்கு அவள் டச்சில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பாதிதான் புரிந்தது. கேட்டால் இரண்டாவது தடவை மெதுவாகச் சொல்வாள், குழந்தைக்குச் சொல்வது போல. அதனால் கேட்கவில்லை.

3

பாவா சாயப்பட்டறையில் மாஸ்டர். டவுனுக்கு வெளியே அவருக்கே சொந்தமாகச் சின்னதாக ஒரு பட்டறை இருந்தது. நல்ல உயரம், வெற்றிலை போடாத வாய், யாரையும் சீண்டிக்கொண்டே இருக்கும் குணம். நான் பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் ‘காலேஜு மூக்கு’. லீவு நாளில் பட்டறைப் பக்கம் போனால் போதும், ஏதாவது ஒரு வாளியை என் முகத்துக்கு நேராக நீட்டுவார்.

“காலேஜு மூக்கு என்ன சொல்லுது?”

நான் மோந்து பார்த்து, ஹைட்ரோஸ் மருந்து தூக்கலாக இருக்கிறது, இது பழசு, இதில் சல்பைடு வாடை வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். சரியாகச் சொன்னால் முதுகில் தட்டி, பரவாயில்லை, கட்டுகிற பீஸு வீணாகவில்லை என்பார். சாயம் பக்குவத்துக்கு வந்ததா என்பதை நிறத்தை வைத்தும் வாடையை வைத்தும்தான் மாஸ்டர்கள் கண்டுபிடிப்பார்கள். நிறத்தை அவரே பார்த்துக்கொள்வார். வாடைக்கு என்னைப் பரீட்சை வைப்பார். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. கல்லூரியில் வாங்கிய மார்க்கைவிட இந்த மார்க்கு பெரிதாக இருந்தது.

4

இரண்டாம் வருஷ லீவில், வைகாசி வெயிலில், பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். தரைக்கு அடியில் கட்டிய ஆழமான தொட்டி. மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு வாய், அதற்கு சிமெண்டு மூடி. எங்கள் பக்கத்தில் பாழ்கிணற்றிலோ தொட்டியிலோ இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவது வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம். அன்றும் இறக்கினார்கள். விளக்கு ஜம்மென்று எரிந்தது.

கம்பை விட்டு அடிச்சேற்றைக் கலக்கினார்கள். குப்பென்று அழுகிய முட்டை வாடை. ஆற விடுவோம் என்று வேலையாட்கள் இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து பாவா தொட்டி வாயருகே என்னைக் கூப்பிட்டார்.

“காலேஜு மூக்கு என்ன சொல்லுது?”

குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நீட்டினேன். முதலில் வாடை முகத்தில் அடித்தது. இரண்டு மூன்று மூச்சு விட்டேன். வாடை இல்லை. மறுபடி இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக இல்லை. கண் மட்டும் எரிந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

“வாடை போயிருச்சு பாவா. எறங்கலாம்.”

அவர் ஏணியில் இறங்கினார். பாதி ஏணியில் கை நழுவியது. கத்தவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. நான் இறங்கப் போனேன். டீ குடித்துவிட்டு வந்த ஆள் என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்துக் கீழே தள்ளி என் மேல் உட்கார்ந்துகொண்டான். அவன் பிடித்திருக்காவிட்டால் இந்தக் குறிப்பு இல்லை. கொக்கி போட்டு பாவாவை மேலே எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. அளக்க என்ன இருந்தது அப்போது?

மூக்கு மரத்துப்போகும் என்பதை நான் படித்தது இங்கே வந்த பிறகுதான். எங்கள் பாடப் புத்தகத்தில் அழுகிய முட்டை வாடை என்பதோடு சரி. இங்கே ஒரு மத்தியானம், நூலகத்தில், அடுத்த வரியைப் படித்தேன். படித்துவிட்டு எழுந்து வெளியே வந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் சைக்கிள் எது என்று அன்றைக்கு எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் நிச்சயமில்லை. அந்த வாயுவாகவும் இருக்கலாம், உள்ளே காற்றில் வேறு கோளாறாகவும் இருக்கலாம், நிஜமாகவே மாரடைப்பாகவும் இருக்கலாம். விஞ்ஞானி என்ற முறையில் நான் எழுத வேண்டியது ‘தெரியாது’. தம்பி என்ற முறையில் என்ன எழுதுவது? அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முப்பது வயது ஆவதற்குள் தாலி இழந்தவளிடம், நான் ‘எறங்கலாம்’ என்று சொன்னதால்தான் அவர் இறங்கினார் என்று எந்த வாயால் சொல்வது?

5

போன மாதம் ஒரு நாள் காலை, ஆய்வகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். அங்கே மத்தியானம். அவள் மகன் குமார் பட்டறை இருந்த இடத்தில் பவர்லூம் ஷெட்டு போடப் போகிறானாம். தரையை உறுதியாக்கப் பழைய தொட்டியை மூட வேண்டும், மூடுவதற்கு முன் சேற்றை எடுக்க வேண்டும். இதை அக்கா தெலுங்கில் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு தமிழுக்கு மாறினாள். கோபமோ பயமோ வந்தால் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள், மூன்றாவது மனுஷரிடம் பேசுவது போல.

“அந்தத் தொட்டில என் பிள்ளை எறங்கப் போறான்டா. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான். நீ சொல்லு.”

போனைக் குமாரிடம் கொடுத்தாள். அப்பா போனபோது அவன் ஒன்றாம் வகுப்பு. இப்போது மீசை வைத்த ஆள், என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவான். மூடியைத் திறந்து இரண்டு நாளாக ஆறப் போட்டிருப்பதாகவும், பக்கத்து வீட்டுக் கழிவுத்தண்ணீர் உள்ளே வடிந்துகொண்டிருந்ததை அடைத்துவிட்டதாகவும் சொன்னான். கம்பு விட்டுக் கலக்கியும் பார்த்தானாம்.

“மொதல்ல குப்புன்னு அடிச்சிச்சு மாமா. அப்பறம் மோந்து பாத்தேன், வாடையே இல்ல. நாளைக்கு எறங்குறேன்.”

செருப்பு அலமாரியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்ன அதே வாக்கியம், அதே தொட்டி. நீ இறங்கினால் நான் செத்தாலும் உன்னோடு பேச மாட்டேன் என்று உளறினேன். விவசாயிகளுக்கு அத்தனை நிதானமாக வகுப்பு எடுக்கிறவனுக்கு, சொந்த மருமகனிடம் கத்தத்தான் தெரிந்தது. ஒரு வாரம் பொறு, அளக்கிற கருவி அனுப்புகிறேன் என்று கெஞ்சினேன். சரி மாமா, ஒரு வாரம்தான் என்றான்.

6

கருவி அனுப்புவது அப்படி லேசான காரியமாக இல்லை. பேட்டரி இருப்பதால் கூரியர்காரர்கள் ஒரு படிவம் கேட்டார்கள். வாயு என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இன்னொரு படிவம் கேட்டார்கள். இதில் வாயு இல்லை ஐயா, வாயுவைக் கண்டுபிடிக்கிற சாதனம் என்று விளக்கினேன். அப்படியென்றால் யாருக்கு, எதற்கு, எந்த நிறுவனத்துக்கு என்று கேட்டார்கள். அக்கா வீட்டுக் கழிவுத் தொட்டிக்கு என்று எழுதினேன். பொட்டலம் திரும்பி வந்துவிட்டது. அதற்குள் நாலு நாள் போய்விட்டது.

அப்போதுதான் ஜாபர் நினைவுக்கு வந்தான். வீரசோழன்காரன், என்னோடு காலேஜில் படித்தவன், வளைகுடாவில் எண்ணெய் வயலில் பாதுகாப்பு மேற்பார்வை. லீவில் ஊரில் இருந்தான். சட்டைப்பையில் செருகிக்கொள்கிற மஞ்சள் கருவியொன்று, அவனே வாங்கினது, அவனிடம் இருந்தது. அதை மாட்டாமல் அங்கே கேட்டுக்குள் விட மாட்டார்களாம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் இதைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். ஊருக்கு வந்ததும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, தொட்டிக்கு விளக்கைத்தான் இறக்குகிறார்கள். நானும் ஜாபரைக் குற்றம் சொல்லவில்லை. என் பெட்டியிலும் இத்தனை வருஷமாக ஒரு வரி மூடிக் கிடந்தது.

“நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு வாரேன்டா. அதுவரைக்கும் ஒருத்தனும் அது பக்கத்துல போகக் கூடாது” என்றான் ஜாபர்.

7

மறுநாள் ஆய்வகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீடியோவில் உட்கார்ந்தேன். திரையில் பழைய பட்டறைச் சுவர், அக்காவின் சேலை நுனி, குமாரின் முதுகு. ஜாபர் வருவதற்குள் கூலியாள் பழக்க தோஷத்தில் அரிக்கேனை இறக்கிவிட்டிருந்தான். விளக்கை எடுக்கச் சொல், தீப்பிடிக்கும் என்று நான் இங்கிருந்து கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஜாபர் வந்து சேர்ந்ததும் எல்லாரையும் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிறுத்தினான். குமார் எட்டி நின்று நீளக் கம்பால் சேற்றைக் கலக்கினான். உள்ளே விளக்கு எரிவதைக் கவனிக்காத ஜாபர், கருவியைக் கயிற்றில் கட்டி, அதற்குப் பக்கத்திலேயே மெதுவாக விட்டான்.

பாதி ஆழம்கூடப் போயிருக்காது. கருவி அலறத் தொடங்கியது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், ஆய்வகத்தில் மாதம் ஒரு முறை சோதனைக்காகக் கேட்கிற சத்தம். அக்காவின் போன் வழியாக, எங்கள் பட்டறையிலிருந்து அது வந்தபோது நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மீனா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஜாபர் இரண்டு கயிற்றையும் இழுத்து வெளியே போட்டான். இதில் மனுஷன் இறங்கக் கூடாது, லாரியை வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடிவிடு என்று குமாரிடம் சொன்னான். தரையில் கிடந்த விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிராணவாயு இருக்கிறதா என்பதைத்தான் விளக்கு சொல்லும், இந்த வாயுவைச் சொல்லாது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கும் வெளக்கு எரிஞ்சிச்சேடா” என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

இதை விட்டால் இனிமேல் எப்போது சொல்வது? சொல்லிவிட்டேன்.

“ஆமாக்கா. வாடை இல்ல, எறங்கலாம்னு சொன்னது நான்தான்.”

அவள் போனைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். திரையில் வானமும் அவள் தாடையும் மாறி மாறித் தெரிந்தன. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“அது எனக்குத் தெரியும். வேற ஒண்ணு ஒனக்குத் தெரியாது. அவுகளுக்கு மூக்கு வேல செய்யாதுடா. சோறு அடிபிடிச்சாக்கூடத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தச் சாய மருந்துகள்ல பட்டுப் போயிருச்சு. மாஸ்டருக்கு மூக்கு இல்லேன்னா சாயம் போட யாரு நூலு குடுப்பாக? வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. அதான் எல்லாத்துக்கும் ஒன்னயக் கூப்பிட்டாக.”

அப்புறம் குமாருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

8

இது நடந்து மூன்று வாரமாகிறது. தொட்டியை மூடிவிட்டார்கள். ஜாபர் திரும்பப் போய்விட்டான், கருவியைக் குமாரிடமே விட்டுவிட்டு. அக்கா வழக்கம்போலக் கூப்பிடுகிறாள், தெலுங்கில் பேசுகிறாள். அன்று அவள் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உன் மேல் தப்பில்லை என்றாளா? உன்னை நம்பித்தான் இறங்கினார் என்றாளா? இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது, எங்கள் ஆய்வக நடைபாதை மாதிரி. அவளைத் திருப்பிக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

பட்டறையில் நடந்ததெல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது. ஒவ்வொரு வாளியாக நீட்டி, சிரித்துக்கொண்டே அவர் கேட்டது பரீட்சை இல்லை. அவருக்குத் தெரியவில்லை, கேட்டிருக்கிறார். நான் ஒரு பதிலைச் சொல்வேன், அவர் அதை வைத்து அன்றைய சாயத்தை முடிப்பார். எனக்கு மார்க்கு போட்டுக்கொண்டே என் தயவில் தொழில் செய்திருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னொரு முறை மோந்து பார்த்திருப்பேனே பாவா. பார்த்திருந்தாலும் வாடை இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அதுவும் தெரிகிறது.

நேற்று படிவத்தைத் திறந்து பதினேழாவது கேள்வியில் ‘ஆம்’ என்பதைத் தொட்டேன். ‘ஆம்’ என்றால் அதற்குக் கீழே இன்னும் கேள்விகள் திறக்கும் என்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. எந்த ஊர்? எந்த மாதிரி இடம்? உடன் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன ஆயிற்று? எழுதிக்கொண்டே வந்தேன். என் டச்சில் பிழை இருக்கும் என்பதால் மீனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் கேலி செய்யாமல் திருத்திக்கொண்டே வந்தாள்.

கடைசிக் கேள்வி: அந்தச் சமயத்தில் அங்கே உங்கள் பணி என்ன?

வேலை ஒன்றும் இல்லை, லீவில் வந்த மாணவன் என்று எழுதினேன். பிறகு அதை அழித்தேன்.

“மோந்து பாக்குறதுன்னு எழுதும்மா” என்றேன்.

மீனா ஒரே சொல்லில் அதை எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அது ஒரு வேலையாப்பா?”

“ஆமா. அவருக்கு அந்த வேலையத்தான் நான் பாத்தேன்” என்றேன். அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.